37 வயதில் வாழ்க்கையின் நோக்கத்தை எங்கே போய்த் தேடுவது?

நொய்யல்கரை
ஜனவரி 18, இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி. எழுதுவது இதுதான் முதல் முறை.

எனக்கு 37 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பி.காம். முடித்து, சி.ஏ. இன்டர் மூன்று முறை எழுதி, வீட்டு நிலைமையால் விட்டுவிட்டேன். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். கடன் என்றால் வீட்டுக்கடன் மட்டும்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு என் வாழ்க்கையில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

போன ஆவணியில் அப்பா தவறிவிட்டார். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் தபால்காரராக இருந்தவர். காரியத்தன்று யார் யாரோ வந்தார்கள். ஒரு பாட்டி, தன் மகன் மும்பையிலிருந்து எழுதிய கடிதங்களையெல்லாம் அப்பாதான் படித்துக் காட்டுவார் என்றார். இன்னொருவர், முதியோர் உதவித்தொகையை மழை பெய்தாலும் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து கொடுப்பார் என்றார். மனுவை நான்கு முறை எழுதிக் கொடுத்ததாக ஒருவர் சொன்னார். அப்பா இதில் ஒன்றைக்கூட வீட்டில் சொன்னதில்லை. பந்தலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எனக்கு இப்படி ஒரு நாள் வந்தால் வருபவர்கள் எதைச் சொல்வார்கள்? நான் செய்வது இதுதான்: ஜிஎஸ்டி ரீஃபண்டு, டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் சுங்க வரி) கணக்கு, ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் தொழிலாளர்களின் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) சலான் ஏற்றுவது. சுமார் 340 பெயர்கள். பத்து வருடமாக ஏற்றுகிறேன். அவர்களில் முகம் தெரிந்தவர்கள் இருபது பேர்கூடத் தேற மாட்டார்கள்.

நோக்கம் என்பது தேடினால் கிடைக்கிற பொருளா? சிலருக்குப் பிறக்கும்போதே இருக்குமா? 37இல் தேடத் தொடங்குவது தாமதமா? பொதுவான அறிவுரை வேண்டாம். உங்களுக்கு எப்படி நடந்தது என்று சொன்னால் போதும்.


மாடித்தோட்டம்
ஜனவரி 19, காலை 7:05

தம்பி, முதலில் அப்பாவுக்கு என் அஞ்சலி.

எங்கள் அலுவலகத்தில் போன வருடம் ஒரு பயிற்சி வைத்தார்கள். இகிகாய் என்ற ஜப்பானிய முறை. நான்கு வட்டங்கள் வரைய வேண்டும். உங்களுக்குப் பிடித்தது, உங்களுக்கு நன்றாக வருவது, உலகத்துக்குத் தேவைப்படுவது, காசு கிடைப்பது. நான்கும் வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதிதான் உங்கள் நோக்கம் என்றார்கள். நான் வரைந்து பார்த்தேன். என் நடுப்பகுதி காலியாகவே இருந்தது, அது வேறு விஷயம். ஆனாலும் உட்கார்ந்து யோசிக்க ஒரு வழி கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு முயன்று பாருங்கள்.


ஒசாகாவாசி
ஜனவரி 19, காலை 9:48

மாடித்தோட்டம் அக்கா சொன்னதில் ஒரு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். நான் ஜப்பானில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இந்த நான்கு வட்டப் படம் ஜப்பானியர்களுடையது அல்ல. ஸ்பெயின்காரர் ஒருவர் வரைந்தது; நடுவில் 'நோக்கம்' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல் இருந்தது. 2014இல் மார்க் வின் என்ற பிரிட்டன்காரர் தன் வலைப்பதிவில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு இகிகாய் என்று போட்டார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நான் வேலை செய்யும் இடத்தில் அந்தப் படத்தைக் காட்டியபோது, ஜப்பானிய நண்பர்கள் இதில் காசுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள்.

இங்கே அந்தச் சொல் மிகச் சாதாரணமானது. இகி என்றால் வாழ்தல், காய் என்றால் அதற்கு உரிய பயன். என் பக்கத்து வீட்டில் 81 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். காலை ஆறரை மணிக்கு வானொலியில் உடற்பயிற்சி இசை வரும். பூங்காவில் பத்துப் பதினைந்து முதியவர்கள் சேர்ந்து செய்வார்கள். ஒரு நாள் யாராவது வரவில்லை என்றால் இவர்தான் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவார். உங்கள் இகிகாய் என்ன என்று ஒரு முறை கேட்டேன். காலைக் கூட்டம் என்றார். அவ்வளவுதான்.

இந்தச் சொல்லை ஆழமாக ஆராய்ந்தவர் மியெக்கோ கமியா என்ற மனநல மருத்துவர். 1914இல் பிறந்தவர், இளம் வயதில் காசநோயில் விழுந்து எழுந்தவர். 1950களின் பிற்பகுதியில் நாகஷிமா என்ற தீவில் இருந்த தொழுநோய் இல்லத்தில் வேலை செய்தார். அங்கே இருந்தவர்கள் சட்டப்படி ஊரிலிருந்து பிரித்து அனுப்பப்பட்டவர்கள். அந்தச் சட்டமே 1996இல்தான் நீங்கியது. அந்தத் தீவில் பலர் நாட்களை வெறுமையாகக் கழித்தார்கள். அதே நோயோடு, அதே தீவில், சிலர் பிடிப்போடு வாழ்ந்தார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கமியாவின் கேள்வி. 1966இல் அவர் எழுதிய நூலுக்கு அதுவே அடிப்படை.

நொய்யல்கரை, வட்டம் வரைவதில் தவறில்லை. ஆனால் அது நான்கும் சேர்ந்து வந்தால்தான் வாழ்க்கை என்று நம்ப வைக்கிறது. நடுப்பகுதி காலியாக இருக்கிறது என்று அக்கா சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. அது படத்தின் குறை. அக்காவின் குறை அல்ல.


மாடித்தோட்டம்
ஜனவரி 19, காலை 10:15

நன்றி தம்பி. ஒரு வருடமாக அந்தக் காலி இடம் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.


சாக்பீஸ்
ஜனவரி 19, மாலை 6:30

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். தென்காசிப் பக்கம். எனக்குத் தெரிந்த வழியில் ஒன்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள் தம்பி.

உ.வே. சாமிநாதையர் என்றால் ஏடு தேடி அலைந்த முதியவரின் படம்தான் நம் நினைவுக்கு வரும். தலைப்பாகை, சால்வை, தமிழ்த் தாத்தா. அவர் பிறந்தபோதே ஓலைச்சுவடிகளைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு பிறந்ததுபோல நாங்களும் வகுப்பில் சொல்லிவிடுகிறோம். நானே முப்பது வருடம் அப்படித்தான் சொன்னேன். இப்போது அதை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது.

நடந்தது இது. 1880. அவருக்கு 25 வயது. கும்பகோணம் கல்லூரியில் அந்த ஆண்டுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், படிப்பில் குறை இல்லை, நல்ல வேலை, ஊரில் மதிப்பு. உங்களைப்போலவே, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் வாழ்க்கையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அக்டோபர் 21ஆம் தேதி சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப்பை, அதாவது கீழ்க் கோர்ட்டு நீதிபதியை, பார்க்கப் போகிறார். முன்சீப் அந்த ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள் என்று பெரிய பட்டியலாகச் சொல்கிறார். முதலியார் முகத்தில் எந்த வியப்பும் இல்லை. இவையெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். இவர் படித்ததில்லை. இவருடைய ஆசிரியரே பாடம் சொன்னதில்லை.

அந்த இடத்தில் எழுந்து வந்துவிடலாம். முன்சீப்புக்குத் தமிழ்ப் பாடம் பற்றி என்ன தெரியும் என்று நினைத்து மறந்துவிடலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவர் மறுபடியும் போனார். சிந்தாமணியைத் தனக்குப் பாடம் சொல்ல முடியுமா என்று முதலியார் கேட்டபோது ஒப்புக்கொண்டார். பிரித்தால் புரியவில்லை. அது சமண காவியம். அந்தச் சமயச் செய்திகள் இவருக்குத் தெரியாது. ஊரில் சமணர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்கள் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். கல்லூரியில் பாடம் சொல்லும் பண்டிதர், இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் மாணவனாக உட்கார்ந்தார். சிந்தாமணி அச்சில் வந்தது 1887இல். ஏழு ஆண்டுகள். அதன்பிறகுதான் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு எல்லாம்.

இதில் நான் பார்ப்பது என்னவென்றால், அவர் நோக்கத்தைத் தேடிப் போகவில்லை. ஒருவர் கேட்ட கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லை என்று தெரிந்தது. அது அவருக்கு வலித்தது. அந்த வலியை அவர் விடவில்லை. தனக்குள்ளேயே உட்கார்ந்து எத்தனை நாள் யோசித்திருந்தாலும் அவருக்குச் சிந்தாமணி கிடைத்திருக்காது. வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்க வேண்டியிருந்தது.

உங்களிடமும் யாரோ ஏதோ கேட்டிருப்பார்கள் தம்பி. யோசித்துப் பாருங்கள். நீங்கள் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி ஏதாவது இருக்கிறதா?


இரவுப்பணி
ஜனவரி 20, அதிகாலை 4:40

ஐயா எழுதியதைப் படித்தேன், அழகாக இருந்தது. ஆனால் இந்தப் பேச்சில் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் செவிலியர். பதினான்கு வருடம் ஆகிறது. முதல் தனியார் மருத்துவமனையில் மாதம் 6,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். மூன்று வருடம் கழித்து நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சம்பளம் கூட்டிக் கேட்டோம். இது தொழில் அல்ல, சேவை, அந்த மனப்பான்மை உள்ளவர்கள் காசைப் பற்றிப் பேச மாட்டார்கள் என்று பதில் வந்தது. ஒவ்வொரு மே 12ஆம் தேதியும், செவிலியர் தினம் என்று, விளக்கேற்றி எங்களை வாழ்த்துவார்கள். அன்றும் இரட்டைப் பணி பார்த்தவர்கள் உண்டு.

நோக்கம், சேவை, அர்ப்பணிப்பு என்ற சொற்களை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள், வாங்க வேண்டியவர்களிடம் சொல்கிறார்கள். வீட்டில் பெண்களிடம் சொல்கிறார்கள். எங்கள் அம்மாவிடம் உன் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று யாரும் கேட்டதே இல்லை. நாங்கள்தான் அவர் நோக்கம் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டோம்.

நொய்யல்கரை அண்ணா, உங்கள் வலி பொய் என்று சொல்லவில்லை. ஆனால் நேரத்துக்குச் சம்பளம் கொண்டுவந்து, இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பதை ஒன்றுமில்லாததுபோல எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது.

எனக்கு எப்படி என்று கேட்டால், நான் நோக்கம் தேடியதாக நினைவில்லை. கீமோ எடுத்து எடுத்து நரம்பு சுருங்கிப்போனவர்கள் இருப்பார்கள். நான்கு இடத்தில் குத்தியும் கிடைக்காது, வலியில் அழுவார்கள். அவர்களுக்கு ஒரே குத்தில் நரம்பு கிடைத்துவிட்டால் அன்று வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் நின்றுகொண்டு போனாலும் கால் வலிக்காது. இதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதற்கும் சரியான சம்பளம் வேண்டும்.


சாக்பீஸ்
ஜனவரி 20, காலை 8:10

அம்மா, நீங்கள் சொன்னது எனக்கு உறைத்தது. உ.வே.சா. கையில் கல்லூரிச் சம்பளம் இருந்தது என்பதையும் நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் அந்தச் சம்பளம்தான் அவருக்குச் சோறு போட்டது.


கீழைக்காற்று
ஜனவரி 20, பிற்பகல் 1:25

சுருக்கமாக ஒன்று. எனக்கும் ஒரு காலத்தில் வாழ்க்கைக்கு நோக்கமே இல்லை என்று தோன்றியது. தத்துவப் பிரச்சினை என்று நினைத்து ஆறு மாதம் எதையெதையோ படித்தேன். தூக்கம் போனது, பசி போனது, பிடித்த சங்கீதம்கூடக் கேட்கப் பிடிக்கவில்லை. கடைசியில் மருத்துவரிடம் போனபோது மனச்சோர்வு நோய் என்றார். மருந்து எடுத்த இரண்டு மாதத்தில் அந்தக் கேள்வியின் கனம் பாதியாகக் குறைந்தது.

அப்பா இறந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. துக்கம் வேறு, நோய் வேறு. ஆனால் தூக்கம் தொடர்ந்து வரவில்லை என்றால் தயவுசெய்து பேசுங்கள். டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசுகிறார்கள்.


நொய்யல்கரை
ஜனவரி 20, இரவு 10:50

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

கீழைக்காற்று, தூக்கம் இப்போது பரவாயில்லை. எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

இரவுப்பணி, நீங்கள் சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். 'அவங்க சொல்றது சரிதானே' என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு நான்தான் அவளிடம் கேட்டேன், உனக்கு என்ன ஆசை என்று. பத்து வருடத்தில் முதல் முறையாகக் கேட்கிறேன். தையல் கடை ஒன்று வைக்க வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பே நினைத்தாளாம். எனக்குத் தெரியவே தெரியாது.

ஐயா, நான் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.


வைகை
ஜனவரி 21, காலை 11:30

மதுரைக்காரி நான். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு மனிதரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி.

1918இல் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் பிறந்தவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, பிரசவ மருத்துவம் படிக்க வேண்டும் என்று நினைத்தவர். மருத்துவம் முடித்து ராணுவத்தில் சேர்ந்தார். முப்பது வயதையொட்டி முடக்குவாதம் வந்து, ஒரு வருடத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தார். விரல்கள் கோணிக்கொண்டன. பிரசவ மருத்துவம் இனி முடியாது என்று ஆனது. அதன்பிறகுதான் கண் மருத்துவத்துக்கு வந்தார். அந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளைப் பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் கண் அறுவை செய்தார். 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு கொடுப்பவர்கள் கொடுக்க, அதிலேயே இல்லாதவர்களுக்கும் சிகிச்சை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் விலை கட்டாது என்று, 1992இல் மதுரையிலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள்.

என் அம்மாவுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் கண்புரை என்று சொல்லி, அங்கிருந்தே பேருந்தில் ஏற்றிப் போனார்கள். காசு வாங்கவில்லை. கட்டு அவிழ்த்ததும் அம்மா முதலில் சொன்னது, உனக்கு இவ்வளவு நரை விழுந்துவிட்டதா என்றுதான். எனக்கு அப்போது 41.

37 வயது தாமதமா என்று கேட்டீர்கள். அதற்காகத்தான் இதை எழுதினேன்.


பழைய மாணவன்
ஜனவரி 21, இரவு 9:15

வைகை அக்கா, நல்ல பதிவு. ஆனால் இதை இப்படிச் சொல்லும்போது ஒரு பகுதி விடுபடுகிறது. 58 வயதில் தொடங்கினார் என்பதுதான் எல்லோருக்கும் பிடிக்கிறது. 1956 முதல் அவர் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவர். இருபது வருடம் அரசுச் சம்பளத்தில் கிராமம் கிராமமாக முகாம் நடத்திய மனிதர். 1976இல் திடீரென்று எதுவும் பிறக்கவில்லை. செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்த மனமில்லாமல் தொடர்ந்தார், அவ்வளவுதான்.

எனக்கு இது ஏன் முக்கியம் என்றால், நோக்கம் என்ற ஒன்றுக்கு எட்டு வருடம் கொடுத்தவன் நான். ஐஏஎஸ். சென்னை அண்ணா நகரில் மூன்று பேர் தங்கும் அறை, ஒரு மேசை, சுவரில் ஒட்டிய அட்டவணை. பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்பது முறை எழுத அனுமதி. நான் ஏழு முறை எழுதினேன். இரண்டு முறை மெயின்ஸ், ஒரு முறை நேர்முகம். கிடைக்கவில்லை. எட்டு வருடமும் எனக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. காலையில் எழுந்தால் எதற்கு எழுகிறோம் என்று தெரியும். கடைசி முடிவு வந்த அன்று மாலை, மறுநாள் காலை எத்தனை மணிக்கு எழுவது என்று எனக்குத் தெரியவில்லை. அலாரம் வைக்கவா வேண்டாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இரவைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

அப்புறம் குரூப் 4 எழுதி, இப்போது ஒரு கிராமத்தில் விஏஓ. 36 வயது. சான்றிதழ், பட்டா, வெள்ளச் சேதக் கணக்கு. என்னோடு படித்தவர்களில் இருவர் கலெக்டர்கள். முடிவு வெளியாகும் நாட்களில் இன்றும் செய்தித்தாளைத் திருப்பி வைத்துவிடுவேன்.

நான் ஏன் ஐஏஎஸ் ஆக நினைத்தேன் என்று ஒரு நாள் வயல் வரப்பில் நடந்து போகும்போது யோசித்தேன். பத்தாவது படிக்கும்போது சாதிச் சான்றிதழுக்காக அம்மாவும் நானும் தாலுகா ஆபீசுக்கு ஐந்து முறை போனோம். ஐந்தாவது முறையும் ஆள் இல்லை. அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பெரிய ஆள் ஆகி இதை மாற்றுவேன் என்று அன்று நினைத்தேன். பெரிய ஆள் ஆவது மட்டும் நினைவில் தங்கி, அந்தப் படி மறந்துபோயிருந்தது. இப்போது என் அலுவலகத்துக்கு வருகிறவர் ஒருவரை இரண்டாவது முறை வர வைத்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. இது ஆறுதலுக்காக நானே சொல்லிக்கொள்வதா என்று சில நாள் சந்தேகம் வரும். ஆனாலும் அடுத்த நாள் போய் உட்காருகிறேன்.


மாடித்தோட்டம்
ஜனவரி 21, இரவு 9:40

தம்பி, ஒரு விஏஓ இப்படி நினைக்கிறார் என்பதே எனக்கு நிம்மதியாக இருக்கிறது.


இரவுப்பணி
ஜனவரி 22, அதிகாலை 3:55

பழைய மாணவன், அலாரம் பற்றி எழுதியதை மூன்று முறை படித்தேன். எழுதியதற்கு நன்றி.


நொய்யல்கரை
ஏப்ரல் 27, இரவு 10:05

மூன்று மாதம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும். மார்ச் முடியும்வரை கணக்கு வேலையில் தலை தூக்க முடியவில்லை. ஆனால் பிப்ரவரியில் நடந்த ஒன்றை இங்கேதான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஒரு நாள் மதிய இடைவேளையில் கேட் செக்யூரிட்டி கூப்பிட்டார். செக்கிங் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்து, முதுகுவலியால் நின்றுவிட்ட ஓர் அக்கா வெளியே நின்றார். இரண்டு வருடமாக பிஎஃப் பணம் வரவில்லை. இரண்டு முறை ஆன்லைனில் போட்டு நிராகரிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் பிரவுசிங் சென்டரில் 500 ரூபாய் கொடுத்திருக்கிறார். தாலிக்கொடி அடகில் இருக்கிறது, மூழ்கிவிடும் என்றார். 'சார், உங்க ஆபீஸ்லதான் நிக்குதுன்னு சொல்றாங்க' என்றார்.

எங்களிடம் ஒன்றும் இருக்காது அக்கா, அது பிஎஃப் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சோறு சாப்பிட உட்கார்ந்தேன். சாக்பீஸ் ஐயா கேட்டது ஞாபகம் வந்தது. எழுந்து போய்க் கணினியைத் திறந்து பார்த்தேன்.

அவருடைய பெயர் எங்கள் பதிவில் அப்பா பெயரின் இனிஷியலோடு இருக்கிறது. ஆதாரில் கணவர் பெயரோடு, இனிஷியல் பின்னால் இருக்கிறது. பிறந்த தேதியும் வேறு. இதைத் திருத்த ஒரு கூட்டு உறுதிமொழி போட வேண்டும். தொழிலாளி போட்டதும் அது நிறுவனத்தின் ஒப்புதலுக்கு வரும். நிறுவனம் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் பிஎஃப் அலுவலகத்துக்குப் போகும். அவர் போட்டிருக்கிறார். அது நிறுவனத்தின் கணக்கில், என் லாகினில், ஏழு மாதமாகக் கிடக்கிறது. நான் சலான் ஏற்றிவிட்டு வெளியே வந்துவிடுவேன். அந்தப் பக்கத்தை ஒரு நாளும் திறந்ததில்லை. அவருடையதையும் சேர்த்து 41 விண்ணப்பங்கள்.

எனக்குக் கை நடுங்கியது. கேட்டுக்கு ஓடினேன். அவர் போய்விட்டார். செக்யூரிட்டியிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டு, நான் சொன்னது தவறு என்றேன். அவர் கோபப்படவே இல்லை. 'சரிங் சார், எப்ப வரட்டும்' என்றுதான் கேட்டார்.

பணம் ஏப்ரல் முதல் வாரம் வந்தது. படிவம் 19இல் பிஎஃப், 10சி-யில் பென்ஷன் பிடித்தம், இரண்டும் சேர்த்து 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். தாலிக்கொடி மூழ்கவில்லை. 41இல் இப்போது 33 முடிந்துவிட்டது. மீதி எட்டுப் பேருக்குப் போன் நம்பர் மாறிவிட்டது, ஆள் கிடைக்கவில்லை. ஒருவர் ஒடிசாவில் இருப்பதாகத் தகவல்.

மேனேஜரிடம் சொல்லி, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் கேண்டீனில் ஒரு மேசை போட்டு உட்காருகிறேன். எங்கள் நிறுவனத்தில் நின்றவர்கள்தான் முதலில் வந்தார்கள். இப்போது பக்கத்துக் கம்பெனிகளில் இருந்தும் வருகிறார்கள். அவர்களுக்கு என் லாகினில் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பதிவில் எந்த எழுத்து தவறு, யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுக்கிறேன். நான்கு கம்பெனி மாறியதில் மூன்று யுஏஎன் (பிஎஃப் அடையாள எண்) வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு இறந்த மனைவியின் பணம். இதற்கெல்லாம் யாரிடமும் காசு வாங்குவதில்லை. இரவுப்பணி கேட்பார் என்று முன்னாலேயே சொல்கிறேன்: சனிக்கிழமை மாலைக்கு மேனேஜரிடம் ஓவர்டைம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

என் வாழ்க்கையின் நோக்கம் கிடைத்துவிட்டதா என்று கேட்டால் தெரியவில்லை. போன வாரம் சலான் ஏற்றும்போது பெயர்களைப் படித்துக்கொண்டே ஏற்றினேன். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது.


சாக்பீஸ்
ஏப்ரல் 28, காலை 6:20

தம்பி, படித்துவிட்டு வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அவளுக்கும் படித்துக் காட்டினேன். அப்பா மனு எழுதிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது.


பழைய மாணவன்
ஏப்ரல் 28, காலை 8:45

அந்த எட்டுப் பேரில் தமிழ்நாட்டுக்காரர்கள் இருந்தால், பழைய முகவரியை வைத்து அந்தந்தக் கிராம விஏஓ அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லலாம். எனக்குத் தெரிந்தவர்கள் சில மாவட்டங்களில் இருக்கிறார்கள். பெயர்களை இங்கே போட வேண்டாம். எந்தெந்தத் தாலுகா என்று மட்டும் சொல்லுங்கள், யாரைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.


நொய்யல்கரை
ஏப்ரல் 28, காலை 9:10

தாராபுரம் ஒன்று, ஒட்டன்சத்திரம் இரண்டு, விளாத்திகுளம் ஒன்று. மற்றவர்கள் வெளிமாநிலம்.


இரவுப்பணி
ஏப்ரல் 29, அதிகாலை 5:15

அண்ணா, ஓவர்டைம் கேட்டது நல்லது. விடாதீர்கள், மறுபடியும் கேளுங்கள்.

அப்புறம், எனக்கும் ஒரு சந்தேகம். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் மூன்று வருடம் பிஎஃப் பிடித்தார்கள். 2014இல் அங்கிருந்து வந்துவிட்டேன். பழைய சம்பளச் சீட்டு இரண்டு மட்டும் இருக்கிறது. அதில் என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பணம் போனது போனதுதான் என்று நினைத்து இத்தனை நாள் இருந்துவிட்டேன். இப்போது கேட்டால் கிடைக்குமா?


நொய்யல்கரை
ஏப்ரல் 29, காலை 7:30

கணக்கில் போட்டிருந்தால் பணம் எங்கேயும் போகாது. சம்பளச் சீட்டில் பிஎஃப் எண் என்று ஒன்று அச்சாகியிருக்கும். இரண்டு எழுத்துகளில் மாநிலம் அல்லது மண்டலம், அப்புறம் அலுவலகம், அப்புறம் எண்கள். அந்தப் பகுதி தெளிவாகத் தெரியும்படி சீட்டைப் படம் எடுங்கள். இங்கே பொதுவில் போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள். இன்று மாலை பார்த்துச் சொல்கிறேன்.